அமோஸ் பிளெட்சோவின் இடது காது

1834 மார்ச்சில், வட கரோலினா மலையில் பிறந்த புது மாவட்டத்தின் முதல் கோர்ட் ஹிக்கரி ஓடை சோள மில்லில் கூடியபோது, அமோஸ் பிளெட்சோவுக்கு நாற்பத்தொரு வயது, ஒரே காது.

பழைய மாவட்டத்தை இரண்டாகப் பிரித்துத்தான் இதை உண்டாக்கியிருந்தார்கள். வரி கட்டும் வீடுகள் இருநூற்றுச் சொச்சம். செர்ரி ஓடைக்கும் சுற்றுப் பள்ளத்தாக்குகளுக்கும் ஒரு கான்ஸ்டபிள் வேண்டும். அந்த ஓடையில் முதலில் காடு வெட்டிக் குடியேறியவர் அமோஸ். அவர் பெயரைச் சொன்னதும் பலர் தலையாட்டினார்கள். அந்த வேலையைத் தன் மச்சானுக்குக் கேட்டிருந்த ஜெத்ரோ எழுந்தான்.

"பொய்ச் சத்தியம் பண்ணவனுக்குத்தான் காதை அறுப்பாங்க. இந்த ஆளு எப்படிய்யா பைபிள்ல கை வைக்கலாம்?"

"கரடி கடிச்சதுய்யா!" என்றார் அமோஸ்.

"மூஞ்சிய மிச்சம் வச்சிட்டு, காதை மட்டும் தின்னுட்டுப் போச்சாக்கும்?"

மில்லே சிரித்தது. நீதிபதி சிரிக்கவில்லை. மறுநாள் மதியத்துக்குள் சாட்சி வேண்டும் என்றார். வேலை போவதோடு முடியாது. சத்தியம் செய்யத் தகாதவன் என்று பெயராகிவிட்டால், நாளை நிலத் தகராறில்கூட அமோஸின் வாய்ச்சொல் செல்லாது.

கரடி பொய். பதினோரு வருடத்துக்கு முன், ஒரு தேர்தல் நாளில், விஸ்கி வண்டி அருகே நடந்த சண்டையில் லெவி ஸ்டெப் கடித்துத் துப்பிய காது அது. தோற்றதைச் சொல்ல வெட்கப்பட்டு அமோஸ் கரடியைப் பிடித்துக்கொண்டார். லெவியும் இப்போது இந்த மாவட்டத்துக்காரர்தான், அடுத்த பள்ளத்தாக்கு. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை.

அமோஸ் அப்போதே லெவி வீட்டுக்கு நடந்தார். லெவி வேலிக் கட்டை பிளந்துகொண்டிருந்தார்.

"வாய்யா ஒத்தக்காது. மிச்சத்தையும் கொண்டாந்திருக்கியா?"

அமோஸ் விஷயத்தைச் சொன்னார். லெவி கோடாலியைக் கீழே போட்டார்.

"இரு, இரு. கடிச்சது நானு, பேரு கரடிக்கா? பதினோரு வருஷமா?"

"ஊரு சிரிக்குமேன்னு..."

"அன்னைக்கு என் முன்பல்லு ரெண்டும் ஆடிப்போச்சுய்யா!"

"வருவியா, மாட்டியா?"

"வரேன். ஆனா முதல்ல நீ சொல்லணும், தோத்துட்டேன்னு. எல்லார் முன்னாடியும்."

மறுநாள் அமோஸ் தொப்பியைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றார். "கரடி இல்லீங்க ஐயா. இந்த ஆளுதான். நான் தோத்துட்டேன்."

லெவி சத்தியம் செய்து, தன் பல்லையும் காட்டினார்.

"முழுங்கிட்டியா?" என்றார் நீதிபதி.

"துப்பிட்டேங்க. உப்பே இல்ல."

ஜெத்ரோ விடவில்லை. "அப்போ நேத்து இங்கயே சொன்ன கரடிப் பொய்?"

"அது சத்தியம் பண்ணிச் சொன்னது இல்லையேப்பா," என்றார் நீதிபதி.

இடது காது சண்டையில் கடிபட்டது, தண்டனையில் அறுபட்டதல்ல என்று எழுத்தர் எழுதினார். மாவட்டப் புத்தகத்தில் அது மூன்றாவது பதிவு. முதல் இரண்டும், காட்டில் மேயும் பன்றி யாருடையது என்று அடையாளம் காட்டும் காது வெட்டுகள்.

அமோஸ் பைபிளில் கை வைத்துக் கான்ஸ்டபிள் ஆனார். அடுத்த திங்கட்கிழமை, மலைக்கணவாய்ச் சாலை வெட்ட வீட்டுக்கு ஒருவர் கூலியில்லாமல் வர வேண்டும் என்ற சட்டப்படி ஆள் திரட்டக் கிளம்பினார். பட்டியலில் முதல் வீடு லெவியுடையது.