குந்தவை பார்த்து வைத்த ஷட்டவுன் நாள்

ஒரத்தநாட்டுக்குத் தெற்கே ரைஸ் மில் நடத்தும் குந்தவை எனக்கு ஒன்றுவிட்ட அக்காள். கோபத்தை ஆறவிடாமல் வைத்திருக்கத் தெரிந்தவள். அதை நான் குறையென்று சொல்ல மாட்டேன்.

அத்தான் கோவிந்தராசு சிங்கப்பூரில் இருக்கிறார். மில் நிற்பது அக்காளுக்கு அவள் அப்பா கொடுத்த மனையில். கறுப்பு அரிசியைக் கேமராவால் கண்டுபிடித்து ஊதித் தள்ளும் கலர் சார்ட்டர் ஒன்றை ஆசைப்பட்டு வாங்கினாள். பொருத்த வந்த இன்ஜினியர் அப்போதே சொன்னார்.

"ஆன்லைன் யூபிஎஸ் போடுங்கம்மா. கரண்ட் ஏறினாலும் இறங்கினாலும் மிஷினுக்கு ஒரே சீரா அனுப்பும். சாதாரணது கரண்ட் போனாத்தான் முழிச்சுக்கும், மத்த நேரம் வர்றத அப்படியே உள்ள விட்டுடும்."

எங்கள் பக்கத்தில் யாரும் யூபிஎஸ் பார்த்து வாங்குவதில்லை, சொந்தக்காரன் கடை பார்த்துத்தான் வாங்குவோம். அத்தானின் சித்தப்பா மகன் இளையபெருமாள் மன்னார்குடியில் பேட்டரிக் கடை வைத்திருந்தான். அவனை விட்டு வெளியில் வாங்கினால் காதுகுத்து, கல்யாணத்தில் ஒருத்தரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். அதனால் அவனிடமே சொன்னாள். ஆன்லைன் என்று பளபளவென்று ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டி வந்தது.

குறுவைக்கு நாற்று விட்டிருந்த சமயம். கரண்ட் போய்த் திரும்பினால் சுற்றிலும் உள்ள பம்புசெட்டுகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடத் தொடங்கும். எல்லோரும் மோட்டாரை ஆட்டோ சுவிட்சில் போட்டுவிட்டு வீட்டில் படுத்திருப்பார்கள். அன்றும் அப்படித்தான், லைட் மங்கி, பளிச்சென்று எரிந்தது. சார்ட்டரின் போர்டு கருகியது.

இளையபெருமாள் வந்து பார்த்தான். எலி கடித்திருக்கும் என்றான். ஊருக்குள் போய், "பொம்பளைங்க மிஷின நோண்டினா இப்படித்தான்" என்று பரப்பினான். சிங்கப்பூருக்கும் போன் போட்டான். அத்தான் அவளைக் கூப்பிட்டு, "மில்ல தம்பிகிட்ட விட்டுடு, நீ வீட்டப் பாரு" என்றார். அவன் கண் முதலிலிருந்தே மில்மேல்தான். அவன் பெயரைக் கேட்டாலே எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

அக்காள் அழவில்லை. அதிராம்பட்டினத்திலிருந்து மீரா உசேன் என்ற யூபிஎஸ் வியாபாரியை வரவழைத்தாள். அவர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "வெளியில எழுதியிருக்கிறது ஒண்ணு, உள்ள இருக்கிறது ஒண்ணும்மா. இது வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் போடுற சாதாரணது" என்றார். அசல் ஆன்லைன் யூபிஎஸ்ஸையும் அவரிடமே வாங்கிப் பக்கத்தில் வைத்தாள். விஷயத்தை அத்தானிடம் அவள் சொல்லவில்லை. சொன்னால் ஒரு திட்டோடு போய்விடும். அவளுக்கு அது போதாது.

மில்லைக் கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லி, சாவியைக் கொடுக்கிற நாளை அவளே குறித்தாள். மாதாந்திரப் பராமரிப்புக்காகச் சாயங்காலம் வரை கரண்ட் ஷட்டவுன் என்று பேப்பரில் போட்டிருந்த நாள் அது. சொந்தபந்தம் எல்லாம் வந்தது. அத்தான் வீடியோ காலில் இருந்தார். போனை நான்தான் பிடித்திருந்தேன். இளையபெருமாள் தன் புதுக் கம்ப்யூட்டரோடு, மில் ஆபீஸில் வைக்க, மாப்பிள்ளை மாதிரி வந்திறங்கினான்.

"கரண்ட் வர்ற நேரமாச்சு தம்பி. உங்க கம்ப்யூட்டர எதுல மாட்டட்டும்?" என்று கேட்டாள்.

அவன் இரண்டு பெட்டியையும் பார்த்தான். யோசிக்கவேயில்லை. "அந்தப் புதுசுல மாட்டுங்க அண்ணி."

"ஏன், நீங்க குடுத்ததும் ஆன்லைன்தானே? ஸ்டிக்கர்கூட இருக்கே."

அவன் பதில் சொல்வதற்குள் வயரை அவன் கொடுத்த பெட்டியிலேயே செருகி, கம்ப்யூட்டரை ஆன் செய்தாள். கரண்ட் வந்ததும் வெளியே பம்புசெட்டுகள் உறுமத் தொடங்கின. லைட் மங்கியது. இளையபெருமாள் பாய்ந்து போய், முழங்கால் இடிக்க மண்டியிட்டு, வயரைப் பிடுங்கினான். கம்ப்யூட்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். பெரியவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

எனக்கு உள்ளம் குளிர்ந்தது. பொய் சொல்வானேன்!

போனுக்குள்ளிருந்து அத்தான், "போகட்டும் குந்தவை. மில்ல நீயே பாரு. அவன விட்டுடு, நம்ம சொந்தக்காரன்" என்றார்.

"வெளியாளா இருந்தா எப்பவோ விட்டிருப்பேங்க" என்றாள் அக்காள். மில் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு இளையபெருமாள் பக்கம் திரும்பினாள். "எந்திரிங்க தம்பி. எலி என்ன கடிச்சுதுன்னு இவங்க எல்லாருக்கும் சொல்லிட்டுப் போங்க."