பட்டிக்கு வெளியே நின்றவள்

நோசகேலே எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் பின்பக்கமாகச் சுற்றித்தான் போவாள். எங்கோபோ என்ற ஊரில் டாக்டர் மஜோலாவின் கால்நடை மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே அப்படித்தான். முன்வாசல் விரியத் திறந்திருக்கும், மழை கொட்டிக்கொண்டிருக்கும். அவள் ஒரு பிளாஸ்டிக் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி, சேற்றில் கால் புதையப் பின்கதவுக்கு வருவாள். பல வருடம் இதைப் பார்த்துச் சலித்த டாக்டரம்மா ஒருநாள் கேட்டே விட்டார்.

"ஏம்மா மாபேலே, இங்க எங்கம்மா மாட்டுப்பட்டி இருக்கு? என் மேசையா பட்டி? நான்தான் மாடா?"

மாபேலே என்பது அவள் பிறந்த குலத்தை வைத்து அழைக்கும் மரியாதைப் பெயர். அவள் சிரித்துவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டாள். புகுந்த வீட்டில் பெரிய வீட்டுக்கும் மாட்டுப்பட்டிக்கும் நடுவில் உள்ள முற்றம் மருமகள் மிதிக்கக் கூடாத இடம். பட்டிக்குள் நுழைவதோ நினைத்தே பார்க்க முடியாதது. அந்த வீட்டு முன்னோர்கள் பட்டியோரம்தான் அடங்கியிருக்கிறார்கள். கல்யாணமான அன்று நாத்தனார் தோளைப் பிடித்துத் திருப்பி, வீடுகளின் பின்னால் போகும் ஒற்றையடிப் பாதையைக் காட்டினாள். யாரும் அதட்டவில்லை, மிரட்டவில்லை. கால் பழகிவிட்டது.

ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் அவள். அம்மா படுத்த படுக்கையானபோது தம்பி தங்கைகளுக்குச் சோளக்கூழ் கிண்ட ஓர் ஆள் தேவைப்பட்டது. பிறகு கல்யாணம். புருஷன் வடக்கே பிளாட்டினச் சுரங்கத்துக்குப் போய்விட்டான், கிறிஸ்துமஸுக்கு வருவான். மாமியார் முன்பே காலமாகிவிட்டார். வீட்டில் இவளும் மாமனார் போனிசிலேவும், அவருடைய நாய் துமாவும்தான்.

மருத்துவமனையில் தரை கூட்டத்தான் அவளைச் சேர்த்தார்கள். பேசவே மாட்டாள், ஆனால் எல்லாவற்றையும் பார்ப்பாள். ஊசி போடும்போது நாயின் தலையை எப்படி அணைத்துக்கொள்ள வேண்டும், சங்கிலி அறுத்த கழுத்துப் புண்ணை எதைக்கொண்டு கழுவ வேண்டும் என்பதெல்லாம் கூட்டிக்கொண்டே கற்றுக்கொண்டவைதான். கடிக்க வரும் நாய்கூட அவள் கை பட்டால் அடங்கிவிடும். டாக்டரம்மா அவளைத் துடைப்பத்திலிருந்து பிரித்து, மேசைக்குப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்.

அந்த ஊரில் நாயை வைத்தியத்துக்குத் தூக்கி வருவதே அப்போது புது வழக்கம். மாட்டுக்கு மருந்து வாங்க யோசிக்காதவர்கள், நாய் செத்தால் இன்னொரு குட்டி வரும் என்பார்கள். அதனால் டாக்டரம்மா மாடு முக்கும் நாட்களைப் பிடித்துக்கொண்டார். மலையடிவாரத்தில் மருந்துத் தண்ணீர் நிரப்பிய நீளத் தொட்டி ஒன்று உண்டு. உண்ணி சாக ஊர் மாடுகளை ஒன்றன்பின் ஒன்றாக அதில் இறக்கி நீந்த விடுவார்கள். ஆண்கள் எல்லாரும் அங்கே கூடியிருப்பார்கள். மாடுகள் உலரும் நேரத்தில் டாக்டரம்மா நாய்களைப் பற்றிப் பேசுவார். தண்ணீர் வையுங்கள், கட்டிப்போட்டால் கயிறு நீளமாக இருக்கட்டும், வெறிநாய் ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள் என்பார். நோசகேலே ஓரமாக நின்று பையைப் பிடித்துக்கொள்வாள்.

ஒரு முக்கு நாளன்று, கன்று வெளியே வராமல் திணறிய ஒரு பசுவுக்காக டாக்டரம்மாவை வழியிலேயே கூட்டிப் போய்விட்டார்கள். வண்டியிலிருந்து இறங்கும்போது அவர் சொன்னது இவ்வளவுதான்: "இன்னைக்கு உண்ணியப் பத்தி நீயே பேசிடு மாபேலே. உனக்குத் தெரியாததா?"

தெரியும். இரண்டு பகுதியாகப் பேச வேண்டும். உண்ணி நாயின் ரத்தத்தைக் கெடுக்கும், கண் மஞ்சளாகும், சிறுநீர் சிவப்பாகும், அதனால் உண்ணியை விடாதீர்கள் என்பது முதல் பகுதி. மாட்டு மருந்தை மட்டும் நாய்மேல் ஊற்றாதீர்கள், அது நாய்க்கு விஷம், நாய்க்கென்று தனி மருந்து இருக்கிறது என்பது இரண்டாவது.

முதல் பகுதியைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் கூட்டத்தில் மாமனார் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். கம்பை முழங்காலில் சாத்தி, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டில் அவர் முகத்தைப் பார்த்து ஒரு வாக்கியம் முழுசாகப் பேசியவள் இல்லை அவள். தலையில் கட்டிய துணி நெற்றிவரை சரியாக இருக்கிறதா என்று கை தானாகப் போய்ப் பார்த்தது. எதிரே இருந்த ஒருவர், "போனிசிலே, உன் மகோட்டி நல்லாப் பேசுதே. வீட்லயும் இப்படித்தானா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். மருமகள்களை அங்கே மகோட்டி என்றுதான் சொல்வார்கள். அவ்வளவுதான், நன்றி என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள். இரண்டாம் பகுதியைச் சொல்லவே இல்லை.

அந்த வாரச் சனிக்கிழமை மலைக்கு அந்தப் பக்கம் ஒரு சாவு. ஆண்கள் எல்லாரும் காலையிலேயே போய்விட்டார்கள். மத்தியானம் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவள், பின்பாதையில் நடக்கும்போதே நாற்றத்தைப் பிடித்துவிட்டாள். மாட்டு மருந்தின் நாற்றம். தண்ணீரில் கலந்த நாற்றம் இல்லை, புட்டியைத் திறந்தால் மூக்கில் அடிக்குமே, அது. பட்டி வாசலில் ஒரு கூல்டிரிங்க்ஸ் பாட்டில் கிடந்தது, அடியில் கொஞ்சம் மருந்து மிச்சம்.

பட்டிக்குள் நடுவில் துமா படுத்திருந்தது. வாயிலிருந்து எச்சில் நூலாக வடிந்தது. பின்னங்கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன.

என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். சோப்புப் போட்டு மருந்தைக் கழுவித் தள்ள வேண்டும், உடனே டாக்டரம்மாவின் ஊசி வேண்டும். போன் செய்தாள், அவர் எடுக்கவில்லை. வாளியில் தண்ணீர் மொண்டாள், பாத்திரம் கழுவும் சோப்பை எடுத்தாள். முற்றத்தைச் சுற்றி, பட்டியின் பின்பக்கமாக வந்து, குறுக்குக் கழி போட்ட வாசலில் நின்றாள்.

"துமா, வா. வாடா, எந்திரி."

நாய் தலையைத் தூக்கிப் பார்த்தது. எழ முயன்றது, முன்னங்கால் மடங்கி விழுந்தது. கையை நீட்டினால் எட்டிவிடும் போலிருந்தது, எட்டவில்லை. அவள் கழியைப் பிடித்தாள். கழி எளிதாகத் தூக்கக்கூடியது, தினமும் சின்னப் பையன்கள் தூக்குவதுதான். அதைப் பிடித்தபடியே நின்றாள். பிறகு வாளியைக் கீழே வைத்துவிட்டு ஓர் ஆணைத் தேடி ஓடினாள். பையன்கள் மாடு மேய்க்கப் போயிருந்தார்கள், ஒவ்வொரு வீட்டிலும் பெண்கள்தான் இருந்தார்கள். அவர்களும் மருமகள்கள்தான். தேவாலயத்துக்குப் பக்கத்து வீட்டில் காய்ச்சலில் படுத்திருந்த ஒருவரைக் கெஞ்சி எழுப்பிக் கூட்டி வந்தபோது துமாவின் கால்கள் இழுக்கவில்லை. அவர் குனிந்து பார்த்துவிட்டு, முடிஞ்சுபோச்சு என்று சொல்லித் திரும்பிவிட்டார்.

மாமனார் சாயங்காலம் வந்தார். அவள் வாளியை முன்பே எடுத்துவிட்டிருந்தாள். அவர் நாயைப் புரட்டிப் பார்த்தார், காலில் பல் தடம் தேடினார். பாம்பு என்றார். தானே குழி தோண்டிப் புதைத்தார். கை கழுவ அவள் மண்டியிட்டுத் தண்ணீர் ஊற்றினாள். ஊற்றும்போது அவர் சொன்னார்: "நீ மட்டும் வீட்ல இருந்திருந்தா காப்பாத்தியிருப்ப, மகோட்டி. நேரம் சரியில்ல."

அவள் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தாள். அவர் கை எப்போதோ சுத்தமாகிவிட்டிருந்தது.

அந்த வார்த்தை அவளைத் தின்றது. உடைத்த சோளமும் அவரைக்கொட்டையும் வேகும் அடுப்பின் முன்னால் உட்கார்ந்தால் அது வந்தது. மருத்துவமனையில் ஏதாவது ஒரு நாய் அவள் கையை நக்கினால் அது வந்தது. மாமனார் துமாமேல் அந்த மருந்தைத் தடவியதே அவள் பேச்சைக் கேட்டுத்தான். மருமகள் சொன்னாளே, உண்ணியை விடக் கூடாதென்று. சாவு வீட்டில் உட்கார்ந்து, மருமகள் சொன்னபடி செய்தேன், உண்ணியெல்லாம் பொலபொலவென்று கொட்டிவிட்டது என்று நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். துமா செத்ததைப் பாம்புக் கணக்கில் எழுதியவர்கள், அந்த வைத்தியத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் மருத்துவமனைக்கு எச்சில் வடியும் நாய்கள் வந்தன. ஒரு தாய்நாய் பிழைத்தது. அதன் குட்டி மேசைக்கு வருவதற்குள் போய்விட்டது. டாக்டரம்மா கையுறையை உருவி வீசினார்.

"யார்மா இவங்களுக்கு இந்த வைத்தியத்தச் சொல்லிக் கொடுத்தது?"

நோசகேலே குட்டியை ஒரு துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். துணியின் முனையை மறுபடி மறுபடி மடித்தாள்.

வரும் முக்கு நாளில் போய் நறுக்கென்று சொல்லிவிட வேண்டும் என்றார் டாக்டரம்மா. நான் சொன்னால் டவுன்காரி திட்டுகிறாள் என்பார்கள், நீ சொல், உன் ஊர், உன் ஆட்கள் என்றார். சரி என்று அவள் தலையை ஆட்டினாள். ஆட்டிய பிறகுதான் யோசித்தாள். சொல்லாவிட்டால் இன்னும் எத்தனையோ குட்டிகள் சாகும். சொன்னால் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதருக்கு, தன் நாயைத் தன் கையாலேயே கொன்றோம் என்று தெரிந்துவிடும். வீட்டிலேயே முதலில் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். இரண்டு சாயங்காலம் அவர் முன்னால் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு நின்றாள். அவர் நிமிர்ந்து பார்த்ததும் உப்பு வேண்டுமா என்று கேட்டுவிட்டு வந்தாள்.

முக்கு நாள் வந்தது. மாடுகள் சொட்டச் சொட்ட நின்றன. அவள் எழுந்தபோது மாமனார் முன்வரிசையில் இருந்தார். இந்த முறை அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, ஆனால் நிறுத்தாமல் சொன்னாள். இந்தத் தொட்டி மருந்து மாட்டுக்கு மட்டும்தான். நாய்மேல் தடவினால் அது நக்கும், தோல் வழியாகவும் உள்ளே போகும். எச்சில் வடியும், கால் இழுக்கும், சாகும். தெரியாமல் தடவிவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவி எங்களிடம் தூக்கி வாருங்கள்.

"நாய்க்குச் சோப்பா? என் பொண்டாட்டிக்கே சோப்பு இல்லம்மா மகோட்டி" என்றார் ஒருவர். சிரிப்பு எழுந்து, பாதியில் அடங்கியது. போனிசிலே கம்பை ஊன்றி எழுந்து நின்றிருந்தார்.

"அப்போ என் துமா?"

அவள் முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்தாள். மாமனாரை அப்பா என்ற பொருளில் பாவோ என்றுதான் அவள் அழைப்பாள்.

"மருந்துதான், பாவோ. பாம்பு இல்ல. நான் போன தடவையே சொல்லியிருக்கணும். சொல்லாம உக்காந்துட்டேன்."

அவர் கம்பைத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு தன் மாடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

அன்று வீட்டில் அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. வீட்டுக்கு வெளியே முக்காலியில் உட்கார்ந்து, அவளைப் பார்க்காமல் கேட்டார்.

"அன்னைக்கு நீ வரும்போது அதுக்கு உயிர் இருந்துச்சா?"

"இருந்துச்சு, பாவோ. வாசல்ல நின்னேன்."

அவர் புளித்த பாலைக் குடித்து முடித்தார். கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"நீ உள்ள போயிருந்தா நான் கத்தியிருப்பேன். ஊரைக் கூட்டியிருப்பேன்" என்றார். கிண்ணத்தை அவள் பக்கம் தள்ளிவிட்டு, "நாய் பொழைச்சிருக்கும்" என்றார்.

அவள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனாள். கழுவினாள். அவர் சொன்னதில் மன்னிப்பு இருந்ததா என்று தேடிப் பார்த்தாள். இருந்தது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. பழியை அவள் மீது முழுசாகப் போட்டிருந்தால் சுமப்பது சுலபமாக இருந்திருக்கும். வழக்கத்தின் மீது போட்டிருந்தால் இறக்கி வைத்திருக்கலாம். அவர் இரண்டையும் அப்படியே நடுவில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

இது நடந்து சில வருடங்கள் ஆகின்றன. நோசகேலே இன்னும் அதே மருத்துவமனையில்தான் வேலை செய்கிறாள். முக்கு நாட்களில் நாய்களைப் பற்றிப் பேசுவது இப்போது முழுக்க அவள் பொறுப்பு. எச்சில் வடியும் நாய்கள் வருவது குறைந்துவிட்டது, நிற்கவில்லை. மாமனாரும் அவளும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். விறகு, மழை, மாடு என்று தேவையானதைப் பேசிக்கொள்கிறார்கள். துமாவைப் பற்றிப் பேசுவதில்லை. போனிசிலே வேறு நாய் வளர்க்கவில்லை, வேண்டுமா என்று அவளும் கேட்கவில்லை.