சுண்டைக்காய் அளவு

இந்த ஊர் மளிகைக்கடையில் மஞ்சள் கேட்டால், "பூசவா, திங்கவா?" என்று திருப்பிக் கேட்பார்கள். பர்மாவிலிருந்து வந்த புதிதில் அது எனக்கு விளங்கவில்லை. மோல்மேனில் எல்லா மஞ்சளுக்கும் பர்மிய மொழியில் ஒரே சொல்தான், நனுவின். இப்போது கடைக்காரர் என்னிடம் அப்படிக் கேட்பதில்லை. என் வெள்ளைப் புடவையைப் பார்த்துவிட்டு, குழம்புக்குப் போடும் விரலி மஞ்சளைப் பொட்டலம் கட்டுகிறார்.

நான் பிறந்தது மோல்மேனில். என் கணவர் கலியமூர்த்தி பிறந்தது அரியலூருக்கு மேற்கே, பெரம்பலூர் போகும் வழியில் உள்ள இந்தக் கிராமத்தில். இளவயதில் கப்பலேறி மோல்மேனுக்கு வந்து மரஆலையில் வேலைக்குச் சேர்ந்தவர். கல்யாணமான புதிதில், வெள்ளிக்கிழமை மஞ்சள் பூசிக் குளித்துவிட்டு வாசலில் நின்றேன். மலைப்பக்கத்திலிருந்து பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருந்த மா சேன் என்ற பெண் கையில் கருவாட்டோடு வந்து என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தாள். "குழந்தை எங்கே?" என்றாள். அவர்களிடையே பிள்ளை பெற்றவளுக்குத்தான் மஞ்சள் பூசுவார்களாம். எனக்குக் கூச்சமாகிவிட்டது, அவர் விழுந்து விழுந்து சிரித்தார். எங்களுக்குப் பிள்ளை பிறக்கவே இல்லை.

ஜப்பான்காரன் குண்டு விழத் தொடங்கியதும் காட்டுவழியாக நடந்தோம். அந்த நடையைப் பற்றி, உடன் நடந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை; மற்றவர்களுக்குச் சொன்னாலும் விளங்காது. உயிரோடு ஊர் வந்து சேர்ந்தோம். இங்கே சோளமும் கம்பும் விளையும் காட்டை அவருடைய அக்கா உழுது காப்பாற்றிக்கொண்டிருந்தார். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். வைதாலும் சோற்றைக் குறைக்காத மனுஷி. ஆனால் ஊர்வாய் வேறு. "பர்மாக்காரன் வந்து குந்திக்கிட்டுத் திங்கிறான்" என்று கிணற்றடியில் பேசினார்கள். அது என் கணவர் காதுக்கும் போயிற்று. அறுவடைக்குள் உடம்பைத் தேற்றிக் காட்டில் இறங்கிவிட வேண்டும் என்று துடித்தார்.

உடம்போ தேறவில்லை. எண்ணெய்ப் பதார்த்தம் தின்றால் வலது விலாவுக்குக் கீழே பிடித்துக்கொள்ளும். வலி முதுகுவரை ஓடும். அண்ணி மஞ்சளை அரைத்து உருட்டிக் கொடுத்தார்.

"சுண்டைக்கா அளவு போதும் தம்பி. மோருல முழுங்கு. கேக்கலன்னா நிறுத்திடு, டாக்டருகிட்ட போவலாம்."

"சுண்டைக்கா அளவு, காடு மலையெல்லாம் நடந்து வந்த ஒடம்புக்கு எந்த மூலைக்குக்கா பத்தும்?" என்றார் இவர்.

அண்ணி காட்டுக்குப் போனதும் தானே அம்மியில் அரைத்துக்கொள்வார். சுண்டைக்காய் நெல்லிக்காயானது; நெல்லிக்காய் எலுமிச்சங்காயானது. வலிக்கும்போதெல்லாம் முழுங்கினார். நான் தடுத்தேன். "கொழம்புல போடுறதுதானே புள்ள? இதென்ன வெஷமா?" என்றார்.

பிறகு கண் மஞ்சளாயிற்று. பார்த்தவர்களெல்லாம் சிரித்தார்கள். "தின்ன மஞ்சளு கண்ணுல தெரியுது பாரு" என்றார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். உடம்பெல்லாம் அரித்தது. சிறுநீர் கறுத்தது, மலம் வெளுத்தது. குளிர்க்காய்ச்சல் வந்தது. அது பர்மாக் காட்டுக் காய்ச்சல்தான், திரும்பியிருக்கிறது என்று ஊரே சொன்னது. சண்டைக் காலம், அந்தக் காய்ச்சலுக்குக் கொடுக்கும் கொய்னா மாத்திரைக்கும் பஞ்சம். நினைவு தவறத் தொடங்கிய பிறகுதான் பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடிய பஸ்ஸில் ஏற்றி அரியலூருக்குக் கொண்டுபோனோம். மேட்டில் பஸ் திணறியபோதெல்லாம் அண்ணி இறங்கித் தள்ளினார்.

டாக்டர் இமையை விலக்கிப் பார்த்தார்.

"எத்தன நாளா இப்படி இருக்கு?"

"மஞ்சளு ஏறியிருக்குன்னு நெனச்சோம் சார்" என்றார் அண்ணி.

"தின்ன மஞ்சள் கண்ணுல ஏறாதும்மா. இது காமாலை. பித்தப்பைக் கல்லு வழிய அடச்சிருக்கும். மஞ்சள் பித்தத்தக் கெளப்பி விடும். வழி அடஞ்சவங்க அத மருந்தாத் தின்னக் கூடாது."

"மஞ்சளுதான் கொல்லுதா சார்?" என்று கேட்டேன்.

"அப்படிச் சொல்ல முடியாதும்மா. கல்லு முன்னமே இருந்திருக்கும். ஆனா கொழம்புல போடுற சிட்டிக வேற, உருண்டையா முழுங்குறது வேற. திருச்சிக்குக் கொண்டுபோனா அறுத்துப் பாப்பாங்க. தாங்குவாரான்னுதான் தெரியல."

அன்று பிற்பகலே அவர் உயிர் போய்விட்டது. திருச்சி ரயில் வரும் நேரத்துக்காகத்தான் அப்போது காத்திருந்தோம்.

கருமாதியன்று பெண்கள் என்னை உட்காரவைத்து, கடைசியாக ஒருமுறை முகமெல்லாம் மஞ்சள் பூசினார்கள். பிறகு நீரூற்றிக் கழுவினார்கள். அழவேண்டிய நேரத்தில் எனக்கு அழுகை வரவில்லை. ஊருக்கு அதுவும் பேச்சாயிற்று.

அவருடைய எலும்பில் பாதியைக் கொள்ளிடத்தில் கரைத்தோம். மீதியை மோல்மேன் ஆற்றுக்கென்று கலயத்தில் கட்டி வேப்பமரத்தில் தொங்கவிட்டேன். அண்ணிக்குப் பொறுக்கவில்லை.

"ரெண்டா பிரிச்சா ஆவி அலையும்டி."

"உசுரோட இருந்தப்பவே அலஞ்சவருதானே அண்ணி?"

மழைக்கு நனையாமல் அந்தக் கலயத்துக்குப் பனையோலை கட்டியது அண்ணிதான்.

சண்டை முடிந்து கப்பல் விட்டதும், ஆலையில் அவரோடு வேலை பார்த்த சாமிக்கண்ணு மோல்மேனுக்குத் திரும்புவதாகச் சொல்லியனுப்பினார். பாடாலூர்க்காரர். கலயத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அங்கே போனேன். ஆலைக்கு மரம் மிதந்து வரும் அந்த ஆற்றில் கரைத்துவிடச் சொன்னேன். இரு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"நீங்களும் வந்துடுங்களேம்மா. இங்க உங்களுக்கு யாரு இருக்கா?"

அங்கே யார் இருக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. மெட்ராஸ் பஸ் வந்தது. மடியில் கலயத்தை வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். பஸ் வடக்கே போயிற்று. என் கணவரில் பாதி கொள்ளிடத்தோடு எப்போதோ கடலுக்குப் போய்விட்டது; மறுபாதி கடல்தாண்டப் போகிறது. ரோட்டோரப் புளியமரத்தடியில் நின்றிருந்த என்னைப் பார்த்து, வண்டிக்காரர் ஒருவர் மாட்டை இழுத்துப் பிடித்தார்.

"எந்த ஊருக்கும்மா போவணும்?"

வாயைத் திறந்தேன்; எந்த ஊரைச் சொல்வதென்று தெரியவில்லை. அவர் காத்துப் பார்த்துவிட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.