அடுப்பு எந்த மாவட்டம்?

என் கையெழுத்து கோழி கிளறினது மாதிரி இருக்கும், படிக்கிறவர்கள் மன்னிக்கணும். அஞ்சாவதோடு நின்றவன். எங்கே ‘ர’, எங்கே ‘ற’ என்பது இன்னும் பிடிபடவில்லை. நேரில் சொல்லலாம் என்றால், ஆள் எதிரில் நின்றாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

நான் பிறந்தது கோயமுத்தூர் மாவட்டம். பள்ளிக்கூடம் போனது பெரியார் மாவட்டம். கல்யாணம் ஆனது ஈரோடு மாவட்டம். இப்போது திருப்பூர் மாவட்டம். நிறைய ஊர் சுற்றியவன் என்று நினைக்க வேண்டாம். எல்லாம் வெள்ளகோவிலுக்கு வடக்கே இருக்கும் ஒரே ஓட்டு வீடுதான். மாவட்டங்கள்தான் வந்து வந்து போயின.

கடைசியாகப் பிரித்தபோது கோடு வீட்டுக்குள்ளேயே புகுந்துவிட்டது. அளக்க வந்தவர் முன் அறைக்கும் சமையல்கட்டுக்கும் நடுவில் இருக்கும் சுவரைத் தட்டி, “இந்தப் பக்கம் திருப்பூருங்க, அந்தப் பக்கம் ஈரோடுங்க” என்றார். அன்றிலிருந்து என் மனைவி ஈரோட்டில் சோறாக்கித் திருப்பூரில் பரிமாறுகிறாள்.

மக்கள்தொகை எடுக்க இரண்டு பக்கத்திலிருந்தும் வாத்தியார்கள் வந்தார்கள். ஒருத்தர் எழுதிப்போன பிறகு வந்தவரிடம், “எழுதியாச்சுங்க” என்று சொல்ல எனக்குக் கூச்சம். நாங்கள் மூன்று பேர் ஆறு பேரானோம். நாட்டில் ஜனம் பெருத்துவிட்டது என்று யாராவது பேசினால் இன்றைக்கும் தலையைக் குனிந்துகொள்வேன்.

போன வருசம் மகளுக்கு நர்சிங் படிக்க இடம் கிடைத்தது. வெள்ளிக்கிழமைக்குள் இருப்பிடச் சான்றிதழ் கொடுக்காவிட்டால் இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும். எது எங்கள் மாவட்டமென்று தெரியாமல் இரண்டு பக்கமும் மனுப் போட்டோம்.

திருப்பூர் பக்கத்து வி.ஏ.ஓ. வெளியூர்க்காரர். “குடும்பம்னா அடுப்புதான்யா கணக்கு. உன் அடுப்பு ஈரோட்டுல எரியுது. அங்க போ” என்றார். “சரிங்க” என்றேன்.

ஈரோட்டுப் பக்கத்து வி.ஏ.ஓ. ஒரு அம்மா. அவர்களும் வெளியூர். “வாசப்படி எங்கயோ அங்கதான் வீடு. சமையல்கட்டு ஜன்னல் வழியா குதிச்சா எங்க மாவட்டத்துக்கு வர்றீங்க?” என்றார்கள். அதற்கும் “சரிங்க” என்றேன்.

புதன்கிழமை இரண்டு மனுவும் தள்ளுபடி. ‘வேறு மாவட்டத்தில் வசிப்பதை மனுதாரர் ஒப்புக்கொண்டார்’ என்று இரண்டிலும் ஒரே காரணம்.

எங்கள் பக்கத்தில் சரிங்க என்றால், சொன்னது காதில் விழுந்தது என்று அர்த்தம். பஸ்ஸில் காலை மிதித்தவனுக்கும் சரிங்கதான்.

“ஏனுங்கப்பா, யாரு என்ன சொன்னாலும் சரிங்கன்னு சொல்லிப்போட்டு வந்துருவீங்களா?” என்றாள் மகள்.

“மரியாதைக்குச் சொன்னேன் கண்ணு.”

“உங்க மரியாதையில ரெண்டு மாவட்டமும் நம்மளத் தொரத்திப்போட்டுது. நாம இனிக் கேரளாவுக்குத்தான் போகோணும்.”

அன்றைக்கே கேஸ் அடுப்பை, சிலிண்டரோடு, முன் அறைக்கு இழுத்து வந்து டி.வி. பக்கத்தில் வைத்தாள். திருப்பூர் பக்கத்து வி.ஏ.ஓ.வுக்குப் புது மனுப் போட்டு, போனும் செய்தாள். வியாழக்கிழமை மத்தியானம் அவர் வந்தார். மனைவி டி.வி.க்குப் பக்கத்தில் டீ போட்டாள்.

“இது எப்ப இங்க வந்துச்சு?”

“நீங்க சொன்ன பொறகுதானுங்க சார்” என்றாள் மகள். “அடுப்புதான் கணக்குன்னீங்க. இப்ப திருப்பூருல எரியுதுங்க.”

அவர் அவளை விட்டு என் பக்கம் திரும்பினார். “நீ ஈரோட்டு ஆளுன்னு அன்னைக்கு ஒத்துக்கிட்டவன்தானே? சரிதானே?”

“இல்லீங்க” என்றேன். அது வந்த சத்தத்தில் நானே திடுக்கிட்டேன். மனைவி கையிலிருந்த டீ வடிகட்டி கீழே விழுந்தது. வி.ஏ.ஓ. டீயைக் குடித்து முடித்தார். பிறகு போனை எடுத்து அடுப்பை மட்டும் ஒரு படம் பிடித்துக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை காலையில் சான்றிதழ் வந்தது. மகள் சேர்ந்துவிட்டாள்.

உதவித்தொகைக்கு வருமானச் சான்றிதழ் வருசா வருசம் வேண்டுமாம். அதனால் அடுப்பை நகர்த்த மகள் விடுவதில்லை. விருந்தாளி வந்தால் ஈரோட்டில் பாய் விரித்து உட்கார வைக்கிறோம். படிப்பு முடிய இன்னும் மூன்று வருசம் இருக்கிறது. அதற்குள் மாவட்டத்தை யாரும் மறுபடி பிரிக்காமல் இருக்க வேண்டும்.

ஆவணி பத்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.