எந்த ஐப்பசி பன்னிரண்டு?

வடசேரி டிக்கெட் ஏஜெண்டே, உம்முடைய சுவர்க் கலண்டரால் என் மகளின் வாழ்க்கையே போயிருக்கும்.

பினாங்கிலுள்ள கணவரிடம் அவள் கைக்குழந்தையோடு போக வேண்டும். அந்தக் கப்பலை விட்டால், அடுத்த கப்பல் வருவதற்குள் அங்கே நுழையும் அனுமதி தீர்ந்துவிடும். கப்பல் ஐப்பசி பன்னிரண்டாம் தேதி என்று சென்னைக் கம்பெனி எழுதிய கடிதத்தை உம்மிடம் காட்டினேன். கலண்டரைப் பார்த்துப் பதினொன்றாம் தேதிக்கு விமானச் சீட்டு வாங்கித் தந்தீர்.

"பேடிக்காண்டாம் அண்ணாச்சி, ஒரு நா முந்தியே போய்ச் சேந்திருவிய" என்று தைரியம் சொன்னீர்.

மீனம்பாக்கத்தில் இறங்கியதும் மகள் விடுதிக்குப் போய்ப் படுக்கலாம் என்றாள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. டாக்சியை நேரே துறைமுகத்துக்கு விடச் சொன்னேன். ஐப்பசி பன்னிரண்டாம் தேதிக் கப்பல் நாளைக்கு எத்தனை மணிக்கு என்று வாசலில் இருந்த குமாஸ்தாவிடம் கேட்டேன்.

"இன்னா பெரியவரே, நாளைக்கா? இன்னிக்குத்தான் ஐப்பசி பன்னெண்டு! கப்பல் கிளம்பப் போவுது!"

உம் சுவரில் தொங்கியது மலையாளக் கலண்டர்; அதன் துலா மாதத்தைத்தான் நீர் ஐப்பசி என்று பார்த்திருக்கிறீர். அந்த மாதம் அது தமிழ்த் தேதிக்கு ஒரு நாள் பிந்தி இருந்தது; அதன் பதினொன்றுதான் தமிழுக்குப் பன்னிரண்டு.

"எப்பா, ஏணிய எடுக்கப் போறாவ, ஓடுங்க!" என்று மகள் அலறினாள். அவளும் குழந்தையும் ஏறிவிட்டார்கள். குழந்தையின் துணிப்பெட்டி என் கையிலேயே தங்கிவிட்டது.

திரும்பி வந்து கேட்டதற்கு, "அதான் கப்பல் கெடச்சுட்டுல்லா, பின்ன என்ன?" என்று சிரித்தீர்.

இப்போது யார் தேதி சொன்னாலும் கிழமையையும் கேட்டு எழுதி வாங்குகிறேன். நீர் இன்னும் அந்தக் கலண்டரைப் பார்த்துத்தான் கப்பலுக்கு ஆள் அனுப்புகிறீரா? இதே பத்திரிகையில் பதில் எழுதும்.