அட்டைக்குப் போட்ட புகையிலை

இருபது வருடமாகப் பிடித்த சுருட்டை நான் விட்டால்தான் திரும்பி வருவதாகச் சொல்லி என் மனைவி சேந்தமங்கலத்தில் தாய்வீட்டோடு இருந்துவிட்டாள். கொல்லிமலையில் தனியாக இருந்த நான், ஆசை வரும்போதெல்லாம் மிளகைக் கடித்து, நாக்கு வெந்து, ஒருவழியாகச் சுருட்டை விட்டேன்.

அவளை அழைத்துவர மலையிறங்கும்போது காலில் அட்டைகள் ஏறிவிட்டன. கூட வந்த மலைக்காரர், "அசையாதீங்க சாமி" என்று புகையிலையை எச்சிலில் குழைத்து முழங்கால்வரை தேய்த்தார். அட்டைகள் உதிர்ந்தன.

வாசலிலேயே மனைவி மூக்கைச் சுளித்தாள்.

"சத்தியமா அட்டைக்குப் போட்டது!"

"போன தடவ பல்வலிக்குன்னீங்க. அதுக்கு முந்தி வவுத்துவலிக்கு. இப்ப அட்டைக்குங்களா?"

கதவைச் சாத்திக்கொண்டாள்.

கடைவீதியில் கடைக்காரர், நான் கேட்காமலே ஒரு சுருட்டை எடுத்து நீட்டினார். வாங்கிக்கொண்டேன். என் பொய்களையெல்லாம் நம்பிக் களைத்துப்போனவளுக்குக் கொடுக்க என்னிடம் ஒரே ஒரு உண்மைதான் இருந்தது. அதிலும் புகையிலை நாற்றம்.