மாப்பிள்ளையின் முந்திரித் தோப்பும் என் மண் கணக்கும்

இங்கே ஜெர்மனியில் காட்டுக்குச் சுண்ணாம்பு தூவுகிறார்கள், அதுவும் ஹெலிகாப்டரில். வந்த புதிதில் அதைப் பார்த்ததும், கொடியில் காய்ந்த சட்டைகளை அள்ளிக்கொண்டு வீட்டுக்குள் ஓடினேன். பக்கத்து வீட்டு அம்மாள் கெர்டா நான் ஹெலிகாப்டருக்குப் பயந்துவிட்டதாக நினைத்து, அது காட்டுக்குப் போடும் மருந்துதான் என்று ஆறுதல் சொன்னார். வெள்ளைத் தூசி பறந்தால், சிமெண்ட் ஆலைத் தூசியில் வளர்ந்த அரியலூர்க்காரன் முதலில் துணியைத்தான் எடுப்பான் என்று என் அரைகுறை ஜெர்மனில் விளக்க முடியவில்லை.

இங்கே ஆலைப்புகை அமில மழையாகப் பெய்து காட்டு மண்ணைக் கெடுத்திருந்தது; அந்த அமிலத்தை முறிக்கத்தான் சுண்ணாம்பு. புகை குறைந்த பிறகு மண் எப்படித் தேறும் என்று கணினியில் கணக்குப் போடுவதுதான் நான் ஓய்வுபெறும்வரை பார்த்த வேலை. காற்று சில வருடங்களில் தெளிந்துவிடும். மண் ஒரு தலைமுறை கடந்தும் பழையதை விடாது. இதை நான் கற்றுக்கொள்வதற்குள் ஒரு தவறு செய்துவிட்டேன்.

முதல் விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தேன். விக்கிரமங்கலம் பக்கம் என் தங்கை கணவர் செல்வராசுவின் முந்திரித் தோப்பு, சிமெண்ட் தூசி படிந்து படிந்து மண்ணில் சுண்ணாம்பேறி, இலையெல்லாம் வெளிறிக் கிடந்தது. அப்போதுதான் ஆலையில் புகைபோக்கிக்கு வடிகட்டி போட்டிருந்தார்கள். மரங்களை வெட்டிவிடலாமா என்று அவர் கேட்டார்.

"வெட்டாதீங்க மாப்பிள்ளை. தூசி நின்னுட்டா மண்ணு ரெண்டு வருஷத்துல சரியாயிடும்" என்றேன். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டல் எனக்குப் பிடித்திருந்தது.

தவறென்று தெரிந்த பிறகும் நான் சொல்லவில்லை. ஊருக்குப் போனபோதெல்லாம் ஏதாவது சாக்குச் சொல்லி, தோப்புப் பக்கம் போகாமலே திரும்பினேன். 'நம்ம தோப்பு முந்திரி' என்று வருடாவருடம் தங்கை பொட்டலம் அனுப்புவாள். பட்டுப்போகும் மரங்களில் தேடிப் பொறுக்கியதோ என்று தின்ன மனம் வராது.

போன மாதம் வீட்டுக் கணினியில் அந்தத் தோப்பு மண்ணுக்கும் கணக்குப் போட்டேன். எங்கள் ஆயுளில் அங்கே முந்திரி தேறாது. அன்றே மாப்பிள்ளைக்குப் போன் செய்து, என் பேச்சை நம்பித் தோப்பைக் கெடுத்துக்கொண்டீர்களே, மன்னித்துவிடுங்கள் என்றேன்.

மறுமுனையில் சிரிப்பு.

"அதுவா மச்சான்? நீங்க பிளேன் ஏறுன மறுவாரமே வெட்டிட்டோமே. வேம்பும் புங்கனும் வச்சோம், இப்ப காடாட்டம் நிக்குது."

அப்படியானால் அந்த முந்திரி?

"ஜெயங்கொண்டம் கடையில வாங்குனது. படிச்ச அண்ணன் பேச்சைக் கேக்கலைன்னு தெரிஞ்சா மனசு சங்கடப்படுமுன்னு உங்க தங்கச்சி சொல்ல விடலை. நல்லவேளை, நீங்களும் தோப்புப் பக்கமே வரலை."

கண்ணில் நீர் வரச் சிரித்தேன். தை மாதம் போய் அந்த நிழலில் நிற்கப்போகிறேன்.

இப்போது என் திரையில், கீழே அமிலம் மேலே காரம் என்ற அளவில், இரண்டு கோடுகள். அமிலமேறிய ஜெர்மன் மண் மெல்ல மேலே வருகிறது. சுண்ணாம்பேறிய எங்கள் ஊர் மண் மெல்லக் கீழே இறங்குகிறது. எப்போது சந்திக்கும் என்று பார்க்க வருடங்களைக் கூட்டிக்கொண்டே போனேன். திரையின் விளிம்பு வந்துவிட்டது. கோடுகள் ஒன்றையொன்று நோக்கி, இன்னும் தனித்தனியாகவே போய்க்கொண்டிருந்தன.